எங்கள் ஊருக்குத் தலைவர் இல்லை, காசோலையில் கையெழுத்து மட்டும் இருக்கிறது

கண்மாய்க்கரை
2025 ஆகஸ்ட் 16, காலை 7:40

நேற்று எங்கள் ஊரில் கிராம சபை. உசிலம்பட்டி ரோட்டை ஒட்டிய ஊர், பெயர் வேண்டாம். மந்தையில் சாமியானா, நாற்பது பிளாஸ்டிக் சேர், பிஸ்கட்டும் டீயும். ஜனவரி 5-ஆம் தேதியோடு பழைய தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லோருடைய ஐந்து வருடமும் முடிந்துவிட்டது. அதனால் தலைவர் உட்காரும் இடத்தில் யூனியன் ஆபீஸிலிருந்து வந்தவர் உட்கார்ந்திருந்தார்.

படிவம் 30 என்று ஒரு தாளை எடுத்து வரவு செலவை வாசித்தார்கள். அதில் 'வடிகால் பராமரிப்பு' என்று ஒரு தொகை வந்தது. எங்கள் கீழத்தெருவில் பராமரிக்க வடிகாலே கிடையாது. வீட்டுத் தண்ணீர் நேரே ரோட்டில்தான் ஓடுகிறது. எழுந்து, "எந்த வடிகால் சார்?" என்று கேட்டேன். "மனுவா எழுதிக் குடுங்க, பாத்துச் சொல்றோம்" என்றார். அப்புறம் தீர்மானப் புத்தகம் சுற்றுக்கு வந்தது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது, ஏனென்றால் வந்தவுடனேயே வருகை என்று சொல்லி வாங்கிவிட்டார்கள்.

இரவெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த அமைப்பில் எதை மாற்றினால், அந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு வரும்? கட்சி, தலைவர் பேச்சு வேண்டாம். அமைப்பைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

---

கீழமாசி_கடை
ஆகஸ்ட் 16, காலை 9:05

முதலில் ஓட்டுக்குக் காசு வாங்குவதை நிறுத்துங்கள், மற்றது தானாக வரும். 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குக் காசு கொடுப்பதற்கு இந்தியா முழுக்க 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பேர் ஆகிவிட்டது. நம் ஜில்லாவுக்கு மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா வரிசையில் இன்னொரு பெருமை. கவரை வாங்கிக்கொண்டவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வடிகால் எங்கே என்று கேட்பான்?

---

மேலூர்க்காரி
ஆகஸ்ட் 16, காலை 9:31

அண்ணே, கவர் வாங்கியவர்களுக்கும் தெருவில் சாக்கடை ஓடத்தான் செய்யும். வாங்கினால் கேட்கும் உரிமை போய்விடும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? காசு கொடுத்தவரைத் தகுதி நீக்கம் செய்யச் சட்டம் இருந்தும் செய்யாத அமைப்பை விட்டுவிட்டு, ஐந்நூறு ரூபாய் வாங்கிய கிழவியைத் திட்டுவது சுலபம்.

---

ஹாஸ்டல்_தம்பி
ஆகஸ்ட் 16, காலை 11:18

அரசியல் அறிவியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பார்வையில் நோய் மேலே இருக்கிறது. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்பதுதான் நம் முறை. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்பதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 44 சதவீத ஓட்டு வாங்கிய கட்சிக்கு 39-ல் 37 இடம். 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது எனக்கு முக்கியமில்லை. நாலு பேரில் ஒருவர் போட்ட ஓட்டு எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம். ஜெர்மனியில் ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. நியூசிலாந்தும் 1996 தேர்தலிலிருந்து அந்த வழிக்கு மாறிவிட்டது. நாமும் வாங்கிய ஓட்டின் அளவுக்கு இடம் தரும் விகிதாசாரத்துக்குப் போனால் சின்னக் குழுக்களின் குரல் சபைக்குள் வரும்.

இரண்டாவது, திரும்ப அழைக்கும் உரிமை. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவரை நடுவிலேயே இறக்க மக்கள் ஓட்டுப் போடலாம். காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலி என்று இரண்டே சின்னம். நம் ஊராட்சிக்கும் இது வந்தால் என்ன?

---

கண்மாய்க்கரை
ஆகஸ்ட் 16, மதியம் 1:02

தம்பி, நாற்காலிச் சின்னம் நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் இப்போதே காலி நாற்காலிதான்.

---

தல்லாகுளம்_கறுப்புக்கோட்டு
ஆகஸ்ட் 16, மாலை 6:47

காலி நாற்காலியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 243-இ பிரிவு: ஊராட்சியின் காலம் ஐந்து வருடம், அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். 'வசதிப்பட்டால்' என்ற சொல் அதில் கிடையாது.

தமிழ்நாட்டில் 1996, 2001, 2006, 2011 என்று வரிசையாக நடந்தது. 2016 அக்டோபரில், பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அதைச் சரி செய்து சில மாதத்தில் நடத்தியிருக்கலாம். மதுரை உள்ளிட்ட 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. மூன்று வருடம், தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள். இப்போது மறுபடியும் அதே கதை. வார்டு மறுவரையறை, வழக்கு, எல்லை மாற்றம் என்று காரணம் ஒவ்வொன்றாக வரும். உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில், மறுவரையறைக்காகத் தேர்தலை நிறுத்தி வைக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இன்னொரு பிரிவு, 243-ஜி. ஊராட்சிக்கு மாநிலச் சட்டமன்றம் அதிகாரம் 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று இல்லை. பதினோராவது அட்டவணையில் 29 துறைகளை அடுக்கிவிட்டு, எல்லாவற்றையும் அந்த 'லாம்' என்ற ஒற்றை விகுதியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த 'லாம்'-ஐ எடுப்பதுதான் முதல் சீர்திருத்தம். கேரளம் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள். அவர்களாகக் கொடுத்ததை அவர்களாக நிறுத்தவும் முடியும் என்பதுதான் அந்த 'லாம்'.

---

வைகைத்_தண்ணி
ஆகஸ்ட் 16, இரவு 8:20

ஆயிரம் வருடத்துக்கு முன்னாடியே உத்திரமேரூரில் குடவோலை முறை வைத்திருந்தவன் தமிழன். கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் உறவுக்காரனே நிற்க முடியாது. அதை அப்படியே கொண்டு வாருங்கள் சார், ஜெர்மனி எதற்கு?

---

மேலூர்க்காரி
ஆகஸ்ட் 16, இரவு 8:44

அதே கல்வெட்டை மேலே கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். கால்வேலி நிலமாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். நானும் என் அம்மாவும் அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே போயிருக்க முடியாது. கணக்குக் காட்டாதவன் விதி நல்ல விதி, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

---

யூனியன்_ரிட்டயர்டு
ஆகஸ்ட் 17, காலை 6:15

வணக்கம். ஊராட்சி ஒன்றியங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல் ஐயா சட்டத்தைச் சொன்னார், நான் சாவியைச் சொல்கிறேன்.

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். முன்பு காசோலை, இப்போது கம்ப்யூட்டரில் டிஜிட்டல் கையெழுத்து. இரண்டு சாவி போட்டால் திருட முடியாது என்று நினைத்து வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன தெரியுமா? தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கீடு என்று வந்தால், ஊரில் செல்வாக்கு உள்ள ஆள் அமைதியாக ஒரு வார்டில் நின்று துணைத் தலைவராக வந்துவிடுவார். அப்புறம் அந்தம்மா எதற்கு பில் போட்டாலும் இந்தப் பக்கச் சாவி திரும்பாது. 'வெளியூர் போயிருக்கேன்' என்பார், 'சாவியைக் காணோம்' என்பார். தண்ணீர் மோட்டார் காயில் கருகிப்போய் ஊரே குடத்தோடு அலையும். ரிப்பேர்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு பேங்கில் கிடக்கும். கடைசியில் கெட்ட பெயர் அந்தம்மாவுக்கு. இப்படி எத்தனை பஞ்சாயத்து என் மேஜைக்கு வந்தது என்று எண்ணவே இல்லை.

இப்போது தனி அலுவலர் காலத்தில் அந்த இரண்டு சாவியும் ஒரே ஆபீஸுக்குள் போய்விட்டது. வேலை வேகமாக நடக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு அலுவலருக்கு எத்தனை ஊராட்சி என்று எண்ணிப் பாருங்கள், அப்புறம் உங்கள் கீழத்தெரு அவர் கண்ணில் படுமா என்று சொல்லுங்கள். அவர் மோசமானவர் என்று நான் சொல்லவே மாட்டேன். நானே அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் நீட்டியிருக்கிறேன். ஒரே நாளில் ஏழு ஊர் கிராம சபைத் தீர்மானத்தை ஒரே வாசகத்தில் எழுதிய கை இது.

தம்பி கண்மாய்க்கரைக்கு ஒன்று. படிவம் 30 என்பது சுருக்கம். அதில் 'வடிகால் பராமரிப்பு' என்று மொத்தமாகத்தான் வரும். கேட்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் பேப்பர்.

---

ஹாஸ்டல்_தம்பி
ஆகஸ்ட் 17, காலை 10:10

ஐயா, நீங்கள் சொல்வதே திரும்ப அழைக்கும் உரிமைக்குத் தேவை இருக்கிறது என்பதற்குச் சாட்சி. சாவியைத் திருப்பாத துணைத் தலைவரை இறக்க முடியுமே.

---

மேலூர்க்காரி
ஆகஸ்ட் 17, மதியம் 12:25

தம்பி, கோபப்படாமல் கேள். நீ நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாய்.

மேலவளவு எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். 1996-ல் அந்த ஊராட்சி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30, பட்டப்பகலில், பஸ்ஸை மறித்து அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம் ஓட்டு வாங்கியது.

நம் மதுரை ஜில்லாக்காரர்களுக்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தெரியும். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தலும் உண்டு. அங்கே யாரையும் வெட்டவில்லை. வேறு வழி வைத்திருந்தார்கள். வேட்புமனுவே யாரும் போட மாட்டார்கள். போட்டால், ஊர் சொன்ன ஆளை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கடிதம் வாங்கிவிடுவார்கள். பத்து வருடம் இது நடந்தது. 2006-ல்தான், மாவட்ட ஆட்சியர் தெருத்தெருவாக இறங்கிப் பேசிய பிறகு, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அவர்களைச் சென்னைக்கு அழைத்து சமத்துவப் பெருவிழா என்று நடத்தினார்கள். 2021 காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு முதலமைச்சர் பாப்பாபட்டிக்கே வந்தார்.

இப்போது சொல், 1996-ல் உன் காலி நாற்காலிச் சின்னம் இங்கே இருந்திருந்தால் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கும் வேலைகூட மிச்சம். ஊர்க் கூட்டத்தில் முடிவெடுத்து, ஓட்டுப் போட்டே இறக்கியிருப்பார்கள், சட்டப்படி. சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் பெயரைச் சொல்லி ஏலம் விடுவதும் 'ஊர் ஒற்றுமை' என்ற பெயரில்தான். பெரும்பான்மை கூடி முடிவெடுத்தால் அது ஜனநாயகம் என்று நினைத்துவிடாதே.

---

வைகைத்_தண்ணி
ஆகஸ்ட் 17, மதியம் 1:15

இதைப் படித்துவிட்டு நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

---

நெறியாளர்
ஆகஸ்ட் 17, மாலை 4:00

நடுவில் மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இரண்டு கட்சிச் சண்டை, ஒன்று சாதிப் பெயர் சொல்லித் திட்டியது. மறுபடி எழுதினால் கணக்கே நீக்கப்படும்.

---

கீழமாசி_கடை
ஆகஸ்ட் 17, இரவு 9:50

தங்கச்சி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கிராம சபையைக் கும்பிடுபவர்களுக்கு ஒரு கேள்வி. அதன் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு? அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று போன நவம்பர் 23-ல் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்களே, அதனாலா ஏலம் ரத்தானது? ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தமுக்கம் பக்கம் வரைக்கும் ஜனம் நடந்து வந்ததால் ரத்தானது. அன்றைக்கு எனக்கு வியாபாரம் பாதி. ஆனாலும் கடை வாசலில் தண்ணீர் வைத்திருந்தேன், அது வேறு விஷயம்.

---

தல்லாகுளம்_கறுப்புக்கோட்டு
ஆகஸ்ட் 17, இரவு 10:30

பாதி சரி. ஒடிசாவில் நியமகிரி மலைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றமே கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் கைகொடுத்தது, பட்டியல் பகுதி, அதாவது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடியினர் பகுதி, என்ற தகுதியும் இருந்தது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது. அரிட்டாபட்டி தீர்மானத்துக்குச் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தும் வலு இல்லை.

இருந்தாலும் அந்தத் தீர்மானங்கள் இல்லாமல் அந்த நடைப்பயணம் இருந்திருக்குமா? ஒவ்வொரு ஊரும் ஒரே வாசகத்தை, ஒரே நாளில், கையெழுத்துப் போட்டு எழுதி வைத்தது. டிசம்பர் 9-ல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெறும் கூட்டம் என்று சொல்ல முடியாதபடி கையில் ஒரு காகிதம் இருந்தது.

---

மேலூர்க்காரி
ஆகஸ்ட் 17, இரவு 10:52

நான் அந்த 23-ஆம் தேதி கிராம சபையில் இருந்தேன். எங்கள் ஊரில் கோரம் பிரச்சினை என்றைக்கும் உண்டு. 501 முதல் 3,000 பேர் உள்ள ஊருக்கு நூறு பேராவது வர வேண்டும், அதற்கே நூறு நாள் வேலை ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் சேர் போதவில்லை. பெண்கள் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, வாக்கியம் வாக்கியமாகக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். வாசிக்கும் முன்னால் புத்தகத்தைத் தொட மாட்டோம் என்று என் சின்னம்மா சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கண்மாய்க்கரை அண்ணே, உங்கள் ஊரில் நடந்தது அதற்கு நேர் தலைகீழ். அங்கேதான் பிடிக்க வேண்டும்.

---

ஹாஸ்டல்_தம்பி
ஆகஸ்ட் 18, காலை 8:30

திரும்ப அழைக்கும் உரிமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், குறைந்தது ஊராட்சி அளவில். விகிதாசாரத்தை விட மாட்டேன்.

---

யூனியன்_ரிட்டயர்டு
ஆகஸ்ட் 18, காலை 9:00

விடாதே தம்பி. ஆனால் அது டெல்லியில் முடிவாகும் விஷயம், உனக்கு இன்னும் வயது இருக்கிறது. இவருக்கு வடிகால் இந்த மழைக்கு முன்னால் வேண்டும்.

எனக்கு ஒரு சின்ன ஆசை உண்டு. வருகைக் கையெழுத்து ஒரு புத்தகம், தீர்மானக் கையெழுத்து வேறு புத்தகம். தீர்மானத்தை உரக்க வாசித்த பிறகுதான் இரண்டாவது புத்தகம் திறக்க வேண்டும். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் அதே பக்கத்தில் ஏற வேண்டும். பதில் இல்லை என்றால் 'பதில் இல்லை' என்று எழுத வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் யாராவது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் எங்கள் ஆபீஸே நடுங்கியிருக்கும். விகிதாசாரத்துக்கு யாரும் நடுங்கியிருக்க மாட்டோம்.

---

கண்மாய்க்கரை
ஆகஸ்ட் 18, இரவு 7:35

திங்கட்கிழமை என்பதால் மனு கொடுக்கப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒரே விஷயத்துக்குப் பதினோராவது மனு என்றார். ரசீதை எல்லாம் பாலிதீன் பையில் போட்டு, கோயில் பிரசாதம் மாதிரி வைத்திருந்தார். என்னிடமும் ஒரு ரசீது வந்துவிட்டது. வெளியே வந்து டீ குடிக்கும்போது, இது நம் பணத்தின் கணக்கு, இதைக் கேட்பதற்கு எதற்கு 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று எழுதினோம் என்று எரிச்சலாக இருந்தது.

ரிட்டயர்டு ஐயா, பின்னால் இருக்கும் பேப்பர் என்றீர்களே, அது என்ன? எப்படிக் கேட்பது?

---

யூனியன்_ரிட்டயர்டு
ஆகஸ்ட் 18, இரவு 8:10

மனுவில் கேட்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாள், மேலே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. 'ஏன் வடிகால் போடவில்லை' என்று கேட்டால் பதில் வராது, ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்ன நிதியாண்டு, வடிகால் பராமரிப்புச் செலவு, அதன் வவுச்சர் நகல், வேலை உத்தரவு நகல், எம் புக்கில் அந்த வேலை ஏறிய பக்கத்தின் நகல். எம் புக் என்றால் அளவைப் புத்தகம். எந்த இடத்தில் தொடங்கி எத்தனை மீட்டர் என்று அதில் இருந்தே ஆக வேண்டும். இல்லாத வடிகாலுக்கு மீட்டர் எழுதுவது கஷ்டம். எழுதியிருந்தால் இன்னும் நல்லது, டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகலாம்.

முப்பது நாள் கெடு. வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புதல் அட்டையோடு.

---

மேலூர்க்காரி
ஆகஸ்ட் 18, இரவு 8:26

அண்ணே, தனியாகப் போட வேண்டாம். ஒரு ஆள் என்றால் வீடு தேடி வந்து பேசுவார்கள்.

---

கண்மாய்க்கரை
ஆகஸ்ட் 18, இரவு 9:14

தெருவில் ஆறு பேர் தயார், அதில் நாலு பேர் பெண்கள். என் வீட்டுக்காரிதான் சேர்த்தாள். ஒரே தாளில் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா?

---

தல்லாகுளம்_கறுப்புக்கோட்டு
ஆகஸ்ட் 18, இரவு 9:20

கூட்டாகப் போட்டால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஆறு தாள், ஆறு ஸ்டாம்பு, ஆறு தபால். ஒவ்வொருவரும் ஒரு ஆவணம். எம் புக்கை மட்டும் உங்கள் வீட்டுக்காரம்மா பெயரில் போடுங்கள்.

---

கண்மாய்க்கரை
ஆகஸ்ட் 18, இரவு 9:23

ஏன் அவள் பெயரில்?

---

தல்லாகுளம்_கறுப்புக்கோட்டு
ஆகஸ்ட் 18, இரவு 9:24

ஆள் சேர்த்தது அவர்கள்தானே. பதில் வந்தால் இங்கே படம் போடுங்கள், மீட்டரை நான் பார்க்க வேண்டும்.